மலையேறிப் பார்த்ததும் வாசலில் பாராததும்

(கும்மிடிப்பூண்டியில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதல் ஷிப்டு முடித்து அப்படியே வந்திருக்கும் சிப்காட் தொழிற்பேட்டைத் தம்பிகளுக்கு ஒரு வணக்கம். தூக்கம் வந்தால் தாராளமாகத் தூங்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பழங்குடி மக்கள் அதிகம் வாழ்வது நீலகிரி மாவட்டத்திலா, நம் திருவள்ளூர் மாவட்டத்திலா? (அவையில் பலர் "நீலகிரி" என்கிறார்கள்.) நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரியில் பழங்குடியினர் 32,813 பேர். திருவள்ளூரில் 47,243 பேர். மொத்த மக்களில் அங்கே நூற்றுக்கு நாலரைப் பேர், இங்கே நூற்றுக்கு ஒன்றேகால். விகிதத்தில் அவர்கள் முன்னால் நிற்கிறார்கள், தலைக்கணக்கில் நாம். 37 லட்சம் பேருக்கு நடுவே 47 ஆயிரம் பேர் கண்ணில் படாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் கண்ணில் படாததற்குக் கூட்டம் மட்டும்தான் காரணமா என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

போன கோடையில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருந்தேன். 2024 மே முதல் இ-பாஸ் இல்லாமல் மலையேற முடியாது, அது உங்களுக்கும் தெரியும். பாஸ் எடுத்து, அடிவாரத்தில் வரிசையில் காத்து, மேலே போனால் தாவரவியல் பூங்காவில் நிற்க இடமில்லை. ரோஜாப் பூங்காவில் ரோஜாவைவிட செல்ஃபிதான் அதிகம் பூத்திருந்தது. படகு இல்லத்தின் பக்கம் போகவே இல்லை. ஊரைவிட்டுப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி, கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகளுக்கு நடுவே முத்தோரை பாலாடா என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1983இல் தொடங்கிய பழங்குடியினர் ஆய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. அதன் வளாகத்தில் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. நாங்கள் போன பொழுதில் எங்களைத் தவிர வேறு யாரும் அங்கு இல்லை.

தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் ஆறு குழுக்களை மிகவும் நலிவுற்றவை என்று ஒன்றிய அரசு தனியே பட்டியலிட்டிருக்கிறது: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு குழுக்களின் வீடுகளையும் அந்த வளாகத்தில் மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். தோடர் வீடு அரைவட்டக் கூரையோடு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், வாசல் அவ்வளவு சிறியது, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். குளிரும் காட்டு விலங்கும் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் மூங்கில் கூடைகள், ஊதுகருவிகள், அணிகலன்கள், தேனெடுக்கும் கருவிகள், பழைய புகைப்படங்கள். அரசுக் காட்சியகங்களைக் குறை சொல்வது நம் பொழுதுபோக்கு. நான் அதைச் செய்யப் போவதில்லை. இருக்கிற வசதியில் அக்கறையோடு சேர்த்த பொருள்கள்தான் அவை. தோடர் பூவேலைச் சால்வைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கறுப்பு, சிவப்பு நூல் வேலையை அருகில் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று சொல்ல முடியாது.

இருளர் வீட்டின் முன்னால்தான் நான் நின்றுவிட்டேன். அது நீலகிரிச் சரிவின் இருளர் வீடு. கோத்தகிரிப் பக்கம், கோயம்புத்தூர் மலையடிவாரம், அட்டப்பாடி என்று வாழ்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தனிமொழி உண்டு. தமிழுக்கு நெருக்கமான திராவிட மொழி அது. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் அதைப் பற்றி நூலே எழுதியிருக்கிறார். ரங்கசாமி மலையில் பூசை செய்கிறவர்களும் அவர்கள்தான். நம் ஊர் இருளர் வேறு. பழவேற்காட்டு ஏரிக்கரை, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருத்தணி, அப்படியே செங்கல்பட்டு, விழுப்புரம் வரை சமவெளியில் பரவியிருக்கிறவர்கள். பேசுவது தமிழ், ஆந்திர எல்லையோரம் தெலுங்கும் கலந்து வரும். அரசின் பட்டியலில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே வரி. தமிழ்நாடு முழுக்க இருளர் 2011இல் 1,89,661 பேர், அதில் பெரும்பகுதி சமவெளிக்காரர்கள். ஆனால் அவர்களுடைய வீடு அந்த வளாகத்தில் இல்லை. மலையில் இருந்தால்தான் பழங்குடி என்று நம் எல்லோர் மனத்திலும் ஒரு படம் பதிந்திருக்கிறது. அந்தப் படத்தில் கும்மிடிப்பூண்டிக்கு இடமில்லை.

இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், ஊட்டி எப்படி ஊட்டியானது என்ற கதையும் கூடவே வரும். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் அங்கே கல்வீடு கட்டத் தொடங்கினார். நிலம் தோடர்களிடமிருந்து சொற்ப விலைக்கு வாங்கியது. எருமை மேய்ந்த புல்வெளி வெள்ளைக்காரர்களின் கோடை வாசஸ்தலமானது. பிறகு ஏரி வந்தது, பூங்கா வந்தது, ரயில் வந்தது. தாவரவியல் பூங்காவுக்கு மேலே இன்றும் ஒரு தோடர் மந்து, அதாவது குடியிருப்பு, இருக்கிறது. பூங்காவுக்கு முன்பே அங்கிருந்த மக்கள், பூங்காவைப் பார்க்க வந்தவர்கள் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் காட்சியாக ஆகிவிட்டார்கள்.

மனிதரைக் காட்சியாக்கும் கலையில் நம் தலைநகருக்கும் பங்கு உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டாரே, அவர்தான். மூக்கின் அகலம், மண்டையின் நீளம் என்று கருவி வைத்து அளந்து மனிதர்களை வகைப்படுத்தினார். அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களையும் பிடித்து அளந்திருக்கிறார், காசு கொடுத்தும் அளந்திருக்கிறார். அந்தத் தொகுதிகளில் பயனுள்ள செய்திகள் நிறைய இருக்கின்றன. ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். ஆனால் அளக்கிறவர் ஒருவர், அளக்கப்படுகிறவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு மட்டும் ஒரு பக்கத்திலும் மாறுவதில்லை.

மாற முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கனடாவில் வான்கூவருக்கு வடக்கே விஸ்லர் என்று ஒரு மலையூர் இருக்கிறது. பனிச்சறுக்குக்குப் பேர்போன, பணக்காரர்களின் ஊட்டி. அந்த மலைகள் ஸ்குவாமிஷ், லில்வாட் என்ற இரண்டு தொல்குடிகளின் பொது எல்லையில் வருகின்றன. இரண்டு குடிகளும் 2001இல் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2008இல் அந்த உல்லாச ஊரின் நடுவிலேயே தங்கள் பண்பாட்டு மையத்தைத் திறந்தன. 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்கு உலகமே அங்கு வந்தபோது வரவேற்க அவர்களிடம் சொந்த வாசல் இருந்தது. ஸ்குவாமிஷ் மக்களின் நீண்ட மரவீட்டையும், லில்வாட் மக்கள் குளிருக்காக மண்ணைத் தோண்டி அமைக்கும் வீட்டையும் இணைத்துத்தான் கட்டடத்தின் வடிவம். மத்தளமும் பாட்டுமாக வரவேற்பவர்கள், சுற்றிக் காட்டுபவர்கள் எல்லாம் அந்தக் குடிகளின் இளைஞர்களே. "அவர்கள் இப்படி வாழ்ந்தார்கள்" என்று யாரும் சொல்வதில்லை, "எங்கள் பாட்டி இப்படித்தான் முடைவாள்" என்கிறார்கள். அங்கேயும் நுழைவுக் கட்டணம் உண்டு, பரிசுப்பொருள் கடை உண்டு. சுற்றுலாக்காரருக்காகச் சிலவற்றை மெருகேற்றித்தான் காட்டுவார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டடத்தின் சாவி அவர்கள் கையில் இருக்கிறது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். மறைக்கும் உரிமை இல்லாதவன் காட்டுவதெல்லாம் வேறு யாரோ கேட்டு வாங்கியதுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்களுக்கு வயநாடு பக்கத்திலேயே இருக்கிறது. லக்கிடி அருகே "என் ஊரு" என்ற பெயரில் பழங்குடி மரபுக் கிராமம் ஒன்று 2022 ஜூனில் திறக்கப்பட்டது. 25 ஏக்கரில் குடில்கள், கடைகள், உணவகம். விடுமுறை நாளில் கூட்டம் தாங்காது. விஸ்லர் அளவுக்கு அதிகாரம் கைமாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், அரசின் கை அதில் பெரிது. ஆனாலும் பழங்குடி இளைஞருக்கு அங்கே வேலை, அவர்கள் பொருளுக்கு அங்கே சந்தை.

சரி, ஊட்டியும் வயநாடும் போதும். நம் மாவட்டத்துக்கு வருவோம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் காட்சியகமே இல்லை என்று நினைக்காதீர்கள். பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. உலகத்துக்கே சொல்லிக்கொள்ளத் தக்க இடம், நம்மில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டோம். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தார், அதே ஆண்டு நம் அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, அங்குள்ள கருவிகள் பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் நிறுவினார்கள். கொற்றலை ஆற்றங்கரையில், குடியம் குகைகளில், அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நம் இனத்துக்கு முந்தைய மனிதர்கள். ஆக, நம் மாவட்டத்தில் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவருக்குக் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. நேற்று இரவு செங்கல் சூளையில் கல் அறுத்துவிட்டு வந்த இருளருக்கு இல்லை. சிலர் உற்சாகத்தில், "இருளர்கள்தான் அந்தக் கற்கால மனிதரின் வாரிசு" என்று மேடையில் பேசிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயிரோடு இருக்கிற மக்களைக் கற்காலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது தர்ஸ்டன் செய்த வேலையின் மிச்சம்.

அப்படியானால் இருளருக்குப் பண்பாட்டு மையமே இல்லையா? இருக்கிறது. அதற்குச் சுவர் கிடையாது, அது ஆண்டுக்கு ஒருமுறை மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறது. மாசி மகம் வந்தால் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் சட்டி பானையோடு புறப்பட்டுவிடும். மணலில் நான்கு குச்சி நட்டுப் பழைய சேலையைச் சுற்றினால் வீடு. அவர்கள் குலதெய்வம் கன்னியம்மன். ஊடல்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அம்மனைச் சமாதானம் செய்து அழைத்துவரத்தான் எல்லோரும் போகிறார்கள். விடியலில் ஈர மணலைக் குவித்துப் படி கட்டிக் கோயில் செய்கிறார்கள். பூவும் பழமும் வைத்து, அருள் வந்தவரிடம் குறி கேட்கிறார்கள். ஓராண்டாகப் பார்க்காத உறவுகளைப் பார்ப்பது அங்கேதான். பெண் பார்ப்பது, பேசி முடிப்பது, தாலி கட்டுவது, பிள்ளைக்கு மொட்டையடிப்பது எல்லாம் அந்த மணலிலேயே. பல சூளைகளில், அரிசி ஆலைகளில், தோப்புகளில் சிதறிக் கிடக்கிற ஒரு சமூகம் தன்னைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும் நாள் அது. பல்லவர் சிற்பம் பார்க்க வந்த பயணிகள் கடற்கரைக் கோயிலைப் படமெடுத்துவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் சேலைக் கூடாரங்களைப் பார்த்து "யாரோ வந்து தங்கியிருக்காங்க" என்று நடந்துவிடுவார்கள். மணற்கோயில் மாலைக்குள் கரைந்துவிடும், அடுத்த ஆண்டு மறுபடி கட்டுவார்கள்.

அவர்களுடைய அறிவைப் பற்றிப் பேசினால் எல்லோரும் பாம்புக்கு ஓடுகிறோம். ஓடலாம், தப்பில்லை. 1972 வனவிலங்குச் சட்டமும், அதன் பின் 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் பாம்புத்தோலை நம்பியிருந்த இருளர்களின் பிழைப்பை ஒரேயடியாக நிறுத்தின. பாம்பியல் ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் அந்தச் சங்கத்தினர் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்செடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி அந்த நஞ்சிலிருந்துதான் தயாராகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம்மிடம் வேலை பார்க்கிற இருளர் எவரையும் புளோரிடாவுக்கு அனுப்பும் நிபுணராக நாம் நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

ஆனால் நம் மாவட்டத்தில் பாம்பைவிட எலியும் இறாலும் பெரிய கதை. அறுவடை முடிந்த வயலில் எலி வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, எத்தனை கிளை ஓடுகிறது, நெல் எங்கே சேர்த்து வைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். வளையில் புகை போட மண்பானையில் நெருப்பை மூட்டி, ஓட்டையில் வாய் வைத்து ஊதுவது பழைய முறை. உதடும் கையும் பொசுங்கும், நெஞ்சு கெட்டுப்போகும். 2000களின் தொடக்கத்தில் கையால் சுற்றும் எஃகுப் புகைக்கருவி ஒன்றைத் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்ட இருளர்களிடம் கொண்டுவந்தார்கள். அந்த முயற்சிக்கு உலக வங்கி நடத்திய போட்டியில் பரிசும் கிடைத்தது. வளையிலிருந்து எடுத்த நெல்லைக் கழுவிக் காயவைத்துக் கஞ்சி காய்ச்சுவதை நாம் வறுமை என்று ஒரே சொல்லில் மூடிவிடுவோம். எலி தின்ன நெல் விவசாயிக்கு நட்டம், எலியைப் பிடித்தவருக்குக் கூலியும் சோறும். வயலில் நஞ்சு வைக்காமல் எலியைக் கட்டுப்படுத்துகிற இந்த வேலைக்கு எந்த வேளாண் கல்லூரியும் பட்டம் கொடுத்ததில்லை.

இறால் பிடிப்பது கழிமுகத்தில். எண்ணூர் முதல் பழவேற்காடு வரை முகத்துவார நீரில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களை நீங்கள் பார்த்திருக்கலாம். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் கூடையின் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். வலை இல்லை, படகு இல்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பலும் வெந்நீரும் கலந்த நீரில் விரல் நுனி வெட்டுப்படாத நாள் இல்லை. பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் புறம் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. ராக்கெட் ஏவுதளத்துக்காக அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் யானாதிகள் என்ற பழங்குடியினர் முக்கியமானவர்கள், தொழிலிலும் வாழ்க்கையிலும் நம் இருளருக்கு நெருக்கமானவர்கள். இங்கிருந்து ராக்கெட் பறப்பதை மொட்டை மாடியில் நின்று கைதட்டிப் பார்க்கிறோம், நானும்தான் பார்க்கிறேன். நம் பக்கத்தில் தேர்வாய்கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்ச்சல் நிலம் சிப்காட்டுக்குப் போனபோது ஊரே திரண்டு எதிர்த்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஆடு மேய்த்தவர், விறகு பொறுக்கியவர், மூலிகை பறித்தவர் எவருக்கும் அந்த நிலத்துக்குப் பத்திரம் இல்லை.

இப்போது சூளைக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் இருளர் பண்பாடு என்று பேசுவது பொய். பொங்கல் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகச் சூளைக்குப் போவார்கள். வாங்கிய முன்பணம் சில ஆயிரம்தான் இருக்கும், கல்யாணச் செலவுக்கோ மருத்துவத்துக்கோ வாங்கியது. நள்ளிரவு தாண்டி எழுந்து மண் குழைத்து, வெயில் ஏறும்வரை கல் அறுப்பார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கணக்கு எழுதுகிறவர் ஒருவர், கடன் ஏறுகிறவர் இன்னொருவர். மழைக்காலம் வரை பிள்ளைகளின் படிப்பு அந்தரத்தில். செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் தோப்புகளிலும் இதே கதைதான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன் பிறகும் இந்த மாவட்டத்தில் இருளர் குடும்பங்களைக் கோட்டாட்சியர் மீட்டு, விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்த செய்தி நாளிதழில் வந்துகொண்டேதான் இருக்கிறது. 2021இல் இருளர் துயரைச் சொன்ன "ஜெய் பீம்" படம் வந்தபோது திரையரங்குக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து பார்த்து அழுதோம். அழுத கையோடு அதே செங்கல்லில் காம்பவுண்டு சுவர் கட்டினோம். இதில் நான் யாரையும் தனியாகக் குற்றம் சொல்லவில்லை. இந்தத் தொழிற்பேட்டையின் மதில் எதைத் தொட்டாலும் யாரோ ஓர் இருளர் பெண்ணின் கை பட்ட கல் அதில் இருக்க வாய்ப்பு உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

முத்தோரை பாலாடாவில் எனக்குக் குறையாகப் பட்டது இதுதான். அங்கே இருப்பது கூலிக்குப் போவதற்கு முந்தைய பழங்குடி. தேயிலைத் தோட்டமும் சூளையும் ஆலையும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வருவதில்லை. நம் மாவட்டத்தில் இருளர் பண்பாட்டு மையம் வந்தால், மாசி மகத்துச் சேலைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் செங்கல் அச்சு இருக்க வேண்டும். இறால் கூடைக்குப் பக்கத்தில் முன்பணக் கணக்கு எழுதிய நோட்டு இருக்க வேண்டும். மூலிகைக்குப் பக்கத்தில் விடுவிப்புச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். சட்டசபையில் தலைவர் படம் மாட்டுகிற மாதிரி.

பணத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு என்ன சொல்கிறது? 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கிற பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் மரபு, கலை, பண்பாடு, பாரம்பரியக் கைவினை எல்லாம் உண்டு. இந்த அவையிலேயே அந்த நிதியைக் கையாளும் மனிதவள அதிகாரிகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள், முகம் தெரிகிறது. பள்ளிக்குக் கழிப்பறை கட்டுகிறீர்கள், ஏரி தூர்வாருகிறீர்கள், நல்லது. பெயர்ப் பலகையில் கம்பெனிச் சின்னத்தைக் கொஞ்சம் சிறிதாகப் போட்டால் இன்னும் நல்லது. ஒரு கட்டடத்துக்குக் கொடுங்கள், அதன் நிர்வாகக் குழுவில் உட்காராதீர்கள். குழு முழுக்க இருளர்களாக இருக்கட்டும், பாதிக்கு மேல் பெண்களாக இருக்கட்டும். முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வடநெம்மேலிச் சங்கத்தைக் காட்டுகிறேன். செங்கல்பட்டு பக்கம் தண்டரையில் 1986 முதல் இயங்கும் இருளர் பெண்கள் நலச் சங்கம் மூலிகைத் தோட்டமே வளர்த்திருக்கிறது. நம் மாவட்டத்திலேயே, மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு சொந்தமாகச் சூளை நடத்த ஆரம்பித்திருக்கிறார்கள்.

இடத்துக்குப் பூண்டியைச் சொல்வேன். கற்காலக் காட்சியகம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, நீர்த்தேக்கம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வருகிறது. பழவேற்காடு இன்னும் பொருத்தம் என்று சிலர் சொல்கிறார்கள். அதை இருளர்களிடமே கேட்க வேண்டும், நான் மேடையில் நின்று முடிவு செய்கிற விஷயம் அல்ல.

இதற்கு வரும் எதிர்ப்பு எனக்குத் தெரியும், நியாயமான எதிர்ப்பும்கூட. "வீட்டுமனைப் பட்டா இல்லை, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை, நீங்கள் மியூசியம் கட்டுகிறீர்களா?" என்று இருளர் சங்கத் தோழர் ஒருவர் என்னிடம் முகத்துக்கு நேரே கேட்டார். பழங்குடிச் சான்றிதழ் தாசில்தாரிடம் கிடைக்காது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு விசாரணை, அதற்குச் சாட்சி, அதற்கு அலைச்சல். சமவெளியில் இருப்பவர் இருளர்தானா என்று அதிகாரிக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அவர் மனத்திலும் மலையின் படம்தான் இருக்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும். அந்தத் தோழரிடம் நான் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் கதையைச் சொன்னேன். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் 1980களின் பிற்பாதியில் அங்கே உருவானது. பறிபோன நிலத்துக்காகத்தான் முதலில் திரண்டார்கள், 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகு 1990இல் மருத்துவமனை, அப்புறம் பள்ளிக்கூடம், தேயிலைத் தோட்டம். ஆட்டமும் பாட்டும் நடுவில் எங்கேயும் நின்றுபோகவில்லை. நிலத்துக்கு ஒரு நாள், பண்பாட்டுக்கு ஒரு நாள் என்று அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை.

அதனால் நான் கேட்கும் மையத்தின் வரைபடம் இப்படி இருக்கும். வாசலைத் தாண்டியதும் முதல் அறையில் மனு எழுதித் தருகிறவர் மேசை, கணினி, ஒளிநகல் எந்திரம். சாதிச் சான்று, பட்டா, நலவாரிய அட்டை, சூளை முதலாளி கணக்குக் கொடுக்காவிட்டால் புகார், எல்லாம் அங்கே. திங்கள்கிழமை குறைதீர் நாளுக்குக் கலெக்டர் அலுவலகம் போகிறவர்கள் முந்தின நாள் வந்து தங்கப் பின்பக்கம் கூடம். பிள்ளைகள் படிக்க ஒரு மாடி. இதற்கெல்லாம் அடுத்த அறையில்தான் இறால் கூடையும் எலிப் புகைக்கருவியும் கன்னியம்மன் மணற்படியும். சுற்றிப் பார்க்க வருகிற நாம், முதல் அறையில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டித்தான் அடுத்த அறைக்குப் போக வேண்டியிருக்கும். அப்போது அவர்களைப் படமெடுக்கக் கூடாது என்று ஒரு பலகை வைக்கலாமா என்று தோழரிடம் கேட்டேன். "எடுக்கட்டும், ஆனா எங்க கிட்ட கேட்டுட்டு எடுக்கட்டும்" என்றார்.

இன்னும் அரை மணி நேரம் அரங்கம் நம் கையில் இருக்கிறது என்கிறார்கள். கேள்விகளைக் கேட்கலாம், முதலில் பின்வரிசையிலிருந்து.